மனிதர்கள் வாழும் இடத்தில் இயற்கை அழிவது தவிர்க்க முடியாததா?

மனிதக் குணமே அழிப்பதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்றுதான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு இந்தோனேசியாவின் பாலித் தீவுதான் ஞாபகம் வரும். எரிமலைச் சரிவில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள். ஒரே ஓடையின் தண்ணீரைப் பல ஊர்கள் பங்கிடுகின்றன. தலைமடைக்காரர் நினைத்தால் தண்ணீரைத் தன் வயலிலேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கீழே விடுகிறார். ஏன் தெரியுமா? பூச்சிக்குப் பயந்துதான்! கடைமடைக்கு நேரத்துக்குத் தண்ணீர் போனால்தான் மேலேயும் கீழேயும் சேர்ந்து நட்டு, சேர்ந்து அறுத்து, அப்புறம் கொஞ்ச நாள் எல்லா வயலையும் சும்மா போட முடியும். கண்ணுக்கெட்டிய தூரம் பயிரே இல்லையென்றால் பூச்சி எதைத் தின்னும்? ஆளுக்கொரு நேரத்தில் நட்டால் அது வயல் விட்டு வயல் தாவிப் பிழைத்துக்கொள்ளும். இப்படித் தண்ணீரைப் பங்கிடும் உழவர் சங்கத்துக்கு சுபாக் என்று பெயர். நடவு நாளை நீர்க்கோயில்களில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள்.

1970களில் பசுமைப் புரட்சி வந்தது. முடிந்தவரை அடிக்கடி நடுங்கள் என்று அரசு சொன்னது. முறை குலைந்தது, தண்ணீர் பற்றவில்லை, புகையான் என்ற நெற்பூச்சி பெருகியது. ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளர் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து இதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார். அந்தப் பழைய கோயில் ஏற்பாடுதான் நல்ல விளைச்சலுக்கு வழி என்று தெரிந்தது. அந்த உழவர்கள் மகான்கள் என்று நான் சொல்லவில்லை. முடிவெடுத்தவர்களின் காலில் அந்த வயலின் சேறு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

மத்திய ஆசியாவின் ஏரல் கடலில் நடந்தது இதற்கு நேரெதிர். பெயர்தான் கடல், ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. 1960களிலிருந்து சோவியத் அரசு பருத்திக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பிவிட்டது. திட்டம் போட்டவர்கள் மாஸ்கோவில் இருந்தார்கள், கரையில் இருந்தவர்கள் மீனவர்கள். ஏரி வற்ற வற்ற உப்பு ஏறி மீன்கள் செத்தன. உஸ்பெகிஸ்தான் பக்கத்து மொய்னாக் துறைமுகத்துப் படகுகள் இன்றும் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு மனம் கனத்துவிடும்.

சரி, திருத்தவே முடியாதா? ஓரளவு முடியும். கஜகஸ்தான் பக்கத்தில் 2005இல் கோக்-ஏரல் அணை கட்டி முடித்தார்கள். வடக்கு ஏரலில் நீர்மட்டம் ஏறியது, உப்பு குறைந்தது, மீன்கள் திரும்பின, மீனவர்களும் வலையோடு திரும்பினார்கள். தெற்கே பெரும்பகுதி இன்னும் உப்புப் பாலைதான்.