இம்யூனோதெரபிக்காக நிலத்தை விற்பதற்கு முன்

கேள்வி: என் தந்தைக்கு வயது 58. பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்ட நிலையில் கண்டறியப்பட்டது. கீமோ தொடங்கியதும் கட்டிகள் நன்றாகச் சுருங்கின. எட்டாவது மாத ஸ்கேனில் மீண்டும் வளர்ந்திருந்தன. வெளியூர் மருத்துவமனைகளுக்கு நோயாளிகளை அழைத்துச் செல்லும் ஒருவர், கட்டியின் சுற்றுச்சூழல்தான் மருந்தைத் தடுக்கிறது என்றும், இம்யூனோதெரபி கொடுத்தால் அது மாறிவிடும் என்றும் சொல்லி ஆறு லட்சம் ரூபாய் முன்பணம் கேட்கிறார். மும்பையில் குறைந்த அளவு மருந்திலேயே பலன் கிடைத்ததாக ஒரு செய்தி நறுக்கையும் காட்டினார். நிலத்தை விற்றுக் கொடுக்கலாமா? – தென்காசி மாவட்ட வாசகர்

பதில்: விற்க வேண்டாம். எம்.எம்.ஆர். என்ற ஒரு பரிசோதனையின் முடிவு உங்கள் கைக்கு வரும்வரை யாருக்கும் முன்பணமும் கொடுக்க வேண்டாம். நான் மருந்தெழுதும் மருத்துவர் அல்லன். கட்டியைச் சூழ்ந்திருக்கும் செல்கள் சிகிச்சையை எப்படி முறியடிக்கின்றன என்பதை ஆய்வகத்தில் ஆராய்பவன். உங்கள் தந்தைக்கு எந்த மருந்து என்பதை அவருடைய புற்றுநோய் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த இடைத்தரகர் உங்களிடம் விற்க முயல்வது என் துறையின் கருத்து என்பதால், அதில் எதுவரை உண்மை என்று சொல்லும் கடமை எனக்கு உண்டு.

கட்டி என்பது புற்றுநோய்ச் செல்களின் குவியல் மட்டும் அன்று. நார்த்திசுச் செல்கள், தாறுமாறாகக் கிளைத்துக் கசியும் இரத்தக் குழாய்கள், நோயெதிர்ப்புச் செல்கள் எனப் பலவும் அதற்குள் இருக்கின்றன. குழாய்கள் சீராக இல்லாததால் மருந்து எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை. ஆக்சிஜன் குறைந்த பகுதிகளில் செல்கள் மெதுவாகப் பிரிவதால், வேகமாகப் பிரியும் செல்களையே குறிவைக்கும் கீமோவிடமிருந்து அவை தப்பிக்கின்றன. நார்த்திசுச் செல்கள் சுரக்கும் சில புரதங்கள் அவற்றுக்குப் பிழைத்திருக்கும் சமிக்ஞையைக் கொடுக்கின்றன. இதோடு, கோடிக்கணக்கான செல்களில் ஒரு சில தொடக்கத்திலேயே மருந்தைத் தாங்கும் மரபணு மாற்றத்தோடு இருந்திருக்கலாம். மற்றவை அழிந்தபின் அவை பெருகுகின்றன. எட்டாவது மாதத்தில் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். உங்கள் மருத்துவரின் தவறோ, நீங்கள் சமைத்துக் கொடுத்த உணவின் குறையோ அதற்குக் காரணம் அன்று.

ஆக, சுற்றுச்சூழல் மருந்தைத் தடுக்கிறது என்பது உண்மை. அதை ஒரு மருந்தால் மாற்றிவிடலாம் என்பதற்குத்தான் ஆதாரம் வேண்டும். கணையப் புற்றுநோயில் இது கசப்பான அனுபவமாக முடிந்தது. கட்டியைச் சூழ்ந்த நார்த்திசுவைக் குறைத்தால் கீமோ உள்ளே செல்லும், எலிகள் கூடுதல் காலம் வாழும் என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே வழியில் மனிதர்களிடம் நடந்த ஒரு சோதனையில் புதிய மருந்தைப் பெற்றவர்களே விரைவில் இறந்ததால், 2012இல் அது நிறுத்தப்பட்டது. அந்த நார்த்திசு கட்டியை ஓரளவு கட்டுப்படுத்தியும் வைத்திருந்தது என்பது பிறகு நடந்த எலி ஆய்வுகளில்தான் தெரிந்தது. எலியில் கிடைத்த வெற்றி முதல் பக்கத்தில் வருகிறது, மனிதரில் கண்ட தோல்வி எங்கும் வருவதில்லை; இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

இனி உங்கள் தந்தையின் நோய்க்கு வருவோம். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள், புற்றுநோய்ச் செல்களைத் தாக்கும் நோயெதிர்ப்புச் செல்களான டி செல்களைக் கட்டிவைத்திருக்கும் தடையை விடுவிப்பவை. கட்டிக்குள் டி செல்களே நுழையாதபோது, விடுவிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. பெரும்பாலான பெருங்குடல் கட்டிகள் இந்த வகை. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இவ்வகைக் கட்டி கொண்ட 18 பேருக்குப் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் கொடுக்கப்பட்டது. ஒருவருக்குக்கூடக் கட்டி குறிப்பிடத்தக்க அளவில் சுருங்கவில்லை.

அதே ஆய்வில் மற்றொரு வகைக் கட்டி கொண்ட 10 பேரில் 4 பேருக்குச் சுருங்கியது. இந்த விலக்கை மட்டும் நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். செல் பிரியும்போது மரபணுவில் நேரும் பிழைகளை அச்சகத்துப் பிழைதிருத்துநர் போலச் சரிசெய்யும் நான்கு புரதங்கள் உள்ளன: எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6. இவற்றில் ஒன்று இல்லாமல் போனால் பிழைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, உடலுக்கு அந்நியமான புரதங்கள் உருவாகி, டி செல்கள் தாமாகவே கட்டிக்குள் திரள்கின்றன. அங்கே தடையை விடுவித்தால் பலன் இருக்கும். இத்தகைய பெருங்குடல் புற்றுநோய் பரவிய நிலையில் இருந்த 307 பேரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் 2020இல் வெளியாயின. முதல் சிகிச்சையாகவே பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்களுக்கு நோய் வளராமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேருக்கு இதைவிட நீண்டது) 16.5 மாதங்கள், கீமோ பெற்றவர்களுக்கு 8.2 மாதங்கள். இந்த வகையிலும் எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை. பரவிய நிலையில் இருப்பவர்களில் இந்த வகையினர் 100க்கு ஏறத்தாழ 4 அல்லது 5 பேரே. வேறு சில அரிய விலக்குகளும் உண்டு. அவற்றை உங்கள் மருத்துவரிடம் விட்டுவிடுகிறேன்.

அந்த நான்கு புரதங்களைப் பார்ப்பதுதான் எம்.எம்.ஆர். பரிசோதனை. இதற்குப் புதிதாகப் பயாப்ஸி எடுக்க வேண்டியதில்லை. முதல் பயாப்ஸியின் திசு மெழுகில் பதித்த பிளாக்காக நோய்க்குறியியல் ஆய்வகத்தில் இருக்கும். செலவு சில ஆயிரம் ரூபாய்தான். பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே ஒவ்வொருவருக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தும், எட்டு மாதம் சிகிச்சை பெற்ற ஒருவரின் மகன் இந்தப் பெயரையே கேள்விப்படவில்லை என்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. பிளாக்கைக் கேட்டால் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அலைய விடுவார்கள். எழுத்து மூலம் விண்ணப்பித்து, பயாப்ஸி எண்ணைக் குறிப்பிட்டு, விடாமல் கேளுங்கள்.

அறிக்கையைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. நான்கு புரதங்களும் "பாசிட்டிவ்" என்று இருந்தால் அவை இயல்பாக இருக்கின்றன, அதாவது இம்யூனோதெரபியைத் தனியாகக் கொடுத்தால் பலிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று பொருள். பாசிட்டிவ் என்றதும் மருந்து பொருந்துகிறது என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். புரதம் "இல்லை" என்ற முடிவே நமக்கு வேண்டிய விலக்கு. பி.டி.எல்.1 என்ற வேறொரு பரிசோதனையைக் காட்டி மருந்தை விற்க வந்தாலும் ஏற்காதீர்கள்; பெருங்குடல் புற்றுநோயில் அதை வைத்து முடிவெடுப்பதில்லை.

அவர் காட்டிய மும்பைச் செய்தி பொய்யன்று. டாட்டா நினைவு மருத்துவமனையில் 151 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபை மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தபோது, ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்களின் விகிதம் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தது. ஏழை நோயாளிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட, நான் மிகவும் மதிக்கும் ஆய்வு அது. ஆனால் அது தலை, கழுத்துப் புற்றுநோய்க்கானது. பெருங்குடலுக்கு அதைக் காட்டிப் பணம் கேட்பது ஏமாற்று. ஒருவேளை அவர், இது ஒரு புதிய ஆராய்ச்சி என்று பேச்சை மாற்றினால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். அந்தப் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். முறையான சோதனையில் சோதனை மருந்துக்காக நோயாளியிடம் லட்சக்கணக்கில் முன்பணம் வாங்கும் வழக்கம் இல்லை.

முடிவு இயல்பாக வந்தால் வழி அடைபட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். முதல் கீமோவில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து இருந்திருந்தால் அடுத்து இரினோடிகன் என்ற வேறொரு மருந்தைச் சார்ந்த கீமோ இருக்கிறது. அதோடு பெவசிசுமாப் சேர்க்கலாமா என்று கேளுங்கள். இரத்தக் குழாய்களைக் குறிவைக்கும் இந்த மருந்து, கட்டியின் சூழலை மாற்றும் மருந்துகளில் மனிதர்களிடம் சோதித்து 2004இலேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்தியாவில் அதன் உயிரிநிகர் மருந்துகள், அதாவது பிற நிறுவனங்கள் தயாரிக்கும் அதற்கு இணையான மருந்துகள், குறைந்த விலையில் கிடைக்கின்றன. செல் வளர்ச்சியைத் தூண்டும் ராஸ் மரபணுவில் கட்டியில் மாற்றம் இல்லாவிட்டால் செடுக்ஸிமாப் என்ற மருந்து இன்னொரு வாய்ப்பு. கல்லீரல் கட்டிகளை அறுவையில் அகற்ற முடியுமா என்பதையும் ஒரு கல்லீரல் அறுவை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுவிடுங்கள்.

புரதம் இல்லை என்று முடிவு வந்தால், பெம்ப்ரோலிசுமாப் பற்றி உங்கள் மருத்துவரிடமே நேரடியாகப் பேசுங்கள்; மருந்து நிறுவனங்களின் நோயாளி உதவித் திட்டங்களுக்கு அவர் வழியாகவே விண்ணப்பிக்கலாம், இடையில் யாரும் தேவையில்லை. அப்போது இன்னொரு வேலையும் இருக்கிறது. இந்தக் குறைபாடு சில குடும்பங்களில் லிஞ்ச் நோய்க்குறியாகப் பரம்பரையில் வரும். உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும், அத்தை, பெரியப்பா, சித்தப்பா வீட்டாருக்கும் மரபணு ஆலோசனை தேவைப்படலாம். மாற்றம் இருப்பவர்கள் இளவயதிலிருந்தே ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி (குழாய்க் கேமரா வழியாகப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொண்டால், புற்றுநோயாக மாறக்கூடிய வளர்ச்சிகளைப் பெரும்பாலும் முன்பே கண்டு அகற்றிவிட முடியும்.