தேயிலை போல வெட்டிய ஜூனிபர் ஏன் துளிர்க்கவில்லை?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். வீட்டு வாசல் வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கட்டும் என்று ஐந்து வருடத்துக்கு முன் ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடி நான்கு வைத்தேன். நடைபாதையை மறைத்த இரண்டை ஜூன் மாதம் முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். நான்கு மாதமாகியும் ஒரு துளிர்கூட இல்லை. கூரைத் தண்ணீர் விழும் மூலையில் நிற்கும் மற்ற இரண்டும் உள்ளே பழுப்பாகின்றன. என்ன உரம் போடலாம்?

பதில்: உரம் வேண்டாம் ஐயா. இந்த நான்கு செடிக்கும் இப்போது உரத்தால் ஆகக்கூடியது எதுவும் இல்லை.

வெட்டிய இரண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தேயிலையை நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை வெறும் குச்சியாக நிற்கும்படி கவாத்து செய்கிறோம். வேரில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தை வைத்துப் பழைய கட்டையிலிருந்தே அது துளிர்த்துவிடும். ஜூனிபருக்கு அந்தக் குணம் கிடையாது. ஒரு கிளையை விலக்கி உள்ளே பாருங்கள்: வெளிப்பக்கம் மட்டும்தான் பச்சை, உள்ளே வெயில் படாத இடமெல்லாம் இலையில்லாத பழுப்புக் குச்சி. கத்தரி பச்சையைத் தாண்டி அந்தக் குச்சிக்குள் போய்விட்டால் அந்தக் கிளை திரும்பாது. வெட்டிய செடியில் எங்காவது பச்சை மிச்சமிருந்தால் விட்டு வையுங்கள், அது மட்டும் வளரும். ஒன்றுமே இல்லையென்றால் பிடுங்கிவிடுவதுதான் நல்லது. ஐந்து வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்ததைப் பிடுங்கச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இனி அவசரம் மற்ற இரண்டுக்குத்தான். தண்டை ஒட்டிய பழைய இலை பழுத்து உதிர்வது இயற்கை, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கூரைத் தண்ணீர் விழும் மூலை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கவலையாக இருக்கிறது. ஜூனிபர் வறட்சியைத் தாங்கும், பனியைத் தாங்கும், வேரடியில் தேங்கும் தண்ணீரைத் தாங்காது. ஒரு சாண் ஆழம் தோண்டி மெல்லிய வேர் ஒன்றை விரலால் உருவிப் பாருங்கள். தோல் உறைபோலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் வேரழுகல் தொடங்கிவிட்டது. உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் தப்பித்தீர்கள். எப்படி இருந்தாலும் இந்த வாரமே தகரக் குழாய் வைத்தோ வாய்க்கால் வெட்டியோ அந்தத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். உங்கள் பக்கம் பெரிய மழையே ஐப்பசி, கார்த்திகையில்தானே?

அப்புறம், ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டு தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் ஊர்ந்தால் அது இலைச்சாற்றை உறிஞ்சிப் பழுப்பாக்கும் செம்பேன். தண்ணீரைக் குழாயில் வேகமாகப் பீய்ச்சி, இலைகளின் உட்புறம் வரை வாரம் ஒருமுறை கழுவினாலே பெரும்பாலும் அடங்கும். நீல நிற வகையாக இருந்தால் வேப்பெண்ணெய் அடிக்காதீர்கள். அந்த நீலம் இலைமேல் படிந்த மெழுகுதான், கட்டைவிரலால் தேய்த்தால்கூட அந்த இடம் வெறும் பச்சையாகிவிடும். எண்ணெய் பட்டால் செடி முழுக்க அப்படித்தான்.

பிடுங்கிய இடத்தில் மறுபடி ஜூனிபர்தான் வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள், வகையை மட்டும் பார்த்து வாங்குங்கள். பாதையோரம் குடைபோல விரியும் வகை வைத்தால் ஐந்து வருடத்தில் இதே கதைதான். தரையோடு பாய்போலப் படரும் 'புளூ ரக்' அரையடிக்கு மேல் எழும்பாது, ஆனால் அகலத்தில் ஆறு முதல் எட்டடிவரை போகும். அதனால் பாதையிலிருந்து நான்கடி தள்ளி வையுங்கள். ஊசிபோல நிமிர்ந்து நிற்கும் 'ஸ்கைராக்கெட்' இடத்தை அடைக்காது. இரண்டையும் சேர்த்து வைத்தால் பூவே இல்லாத மாதத்திலும் வாசல் வெறிச்சோடாது. படரும் வகைகளில் சில குளிர்காலத்தில் ஊதா கலந்த செம்பு நிறத்துக்கு மாறும். நோய் என்று நினைத்து மருந்து அடித்துவிடாதீர்கள், வெயில் ஏறினால் பச்சை திரும்பிவிடும்.

நாள் முழுக்க வெயில் படும் இடமாகப் பாருங்கள். மண்ணை முக்கால் அடி மேடாக்கி, பைக்குள் சுருண்ட வேரைப் பிரித்துவிட்டு, வேர்க்கட்டி தரைக்கு இரண்டு விரல் மேலே நிற்கும்படி நடுங்கள். குழிக்குள் தொழு உரம் கொட்ட வேண்டாம். இனி கவாத்து என்றால் வருடம் ஒருமுறை, நுனித் துளிரில் பாதி மட்டும், கைக்கத்தரியால். தேயிலைக் கத்தியை வாசலுக்குக் கொண்டு வராதீர்கள்.