பெண்ணியல் படிக்க விரும்பும் மகள்: ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இளங்கலை ஆங்கில இலக்கியம் இறுதியாண்டு படிக்கும் தங்கள் மகள் முதுகலையில் பெண்ணியல் (பெண்களின் வாழ்வையும் சமூக நிலையையும் ஆராயும் துறை) படிக்க விரும்புவதாகவும், பி.எட். முடித்து ஆசிரியப் பணிக்குப் போவதே அவருக்குப் பாதுகாப்பு என்று தாங்கள் கருதுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தின் முற்பகுதி முழுவதும் வேலையைப் பற்றியது. பிற்பகுதியில், இந்தப் படிப்பு மகளின் பேச்சையும் போக்கையும் மாற்றிவிடுமோ, நாளை வரன் பார்க்கும்போது இதுவே தடையாக வந்து நிற்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு கவலைகள். மனத்தில் இரண்டாவதை வைத்துக்கொண்டு வாயால் முதலாவதைப் பேசினால் வீட்டில் வாக்குவாதம் மட்டுமே மிஞ்சும் என்பதால், தனித்தனியாகவே பதில் எழுதுகிறேன்.

வேலையைப் பொறுத்தவரை தங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியராக வேண்டுமானால், இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ அதற்கு இணையானது என்று அரசு ஏற்றுக்கொண்ட பாடத்திலோ இருக்க வேண்டும். பி.ஏ. ஆங்கிலம், எம்.ஏ. பெண்ணியல் என்று போனால் அது ‘கிராஸ் மேஜர்’ (பட்டங்கள் வெவ்வேறு பாடங்களில் அமைவது) ஆகிவிடும், பிறகு பி.எட். படித்தாலும் பட்டதாரி ஆசிரியர் தகுதியோடு நின்றுவிட வேண்டியிருக்கும். கல்லூரிப் பணியிலும் இதே சிக்கல் உண்டு. 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட் (தேசிய அளவிலானது), செட் (மாநில அளவிலானது) போன்ற தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேர்ச்சி பெறுவதே குறைந்தபட்சத் தகுதி என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. அந்தத் தேர்வைப் பொதுவாக முதுகலையில் படித்த பாடத்தில்தான் எழுத வேண்டும். நெட் தேர்வில் பெண்ணியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. ஆனால் தேர்ச்சி பெற்றவர் போய்ச் சேர வேண்டிய துறைகள் குறைவு. 1984-இல் தொடங்கிய கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன், காரைக்குடி அழகப்பா என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆங்கிலத் துறையோ அநேகமாக எல்லாக் கலைக் கல்லூரிகளிலும் இருக்கிறது.

எனவே, கல்லூரி ஆசிரியராவதுதான் தங்கள் மகளின் விருப்பம் என்றால் முதுகலையிலும் ஆங்கிலமே படிக்கட்டும் என்பது என் கருத்து. இதனால் அவர் தம் ஆர்வத்தைக் கைவிட வேண்டியதில்லை. எம்.ஏ. ஆய்வேட்டையும் பின்னர் முனைவர் பட்ட ஆய்வையும் பெண்ணிய நோக்கில் செய்ய எந்தத் தடையும் கிடையாது. ஆங்கிலத் துறைகளில் பெண்ணியத் திறனாய்வு பல ஆண்டுகளாகப் பாடமாகவே இருந்து வருகிறது. நெட் தேர்வின் வழி தரப்படும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் வரும். அதற்கான வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டுகள் தளர்வும் உண்டு. இருபத்தைந்து வயதுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்று வீட்டில் அவசரப்படுத்தும்போது இந்தத் தளர்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

களப்பணி, கொள்கை ஆய்வு, தொண்டு நிறுவனம், ஆவணக்காப்பு ஆகியவற்றில்தான் நாட்டம் என்றால் பெண்ணியல் முதுகலையே பொருத்தம். அப்போது மும்பை டாடா சமூக அறிவியல் கழகத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் பட்டத்தோடு நடைமுறைத் திறன் ஒன்றும் வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்வேன். வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும், ஒன் ஸ்டாப் சென்டர் எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையங்களில் உள்ள பணிகளுக்குப் பெரும்பாலும் சமூகப்பணி, உளவியல், சட்டம் படித்தவர்களைக் கேட்கிறார்கள். அவையும் நிரந்தரப் பணிகளாக இருப்பதில்லை. ஆய்வு நிறுவனங்கள் புள்ளிவிவரத்தைப் படித்து விளக்கத் தெரிந்தவரையே தேடுகின்றன. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்வோரில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவது தெரியவந்தது. இந்த இரண்டு எண்களை மேற்கோள் காட்டுவோர் பலர். அவற்றுக்குப் பின்னால் உள்ள அட்டவணைகளைத் திறந்து, கிராமத்துக்கும் நகரத்துக்கும், வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் போகாத பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச் சொல்லக்கூடியவர் சிலரே. வேலை அவர்களுக்குத்தான் கிடைக்கிறது. இலக்கிய மாணவிக்கு மொழிபெயர்ப்பும் ஒரு நல்ல வழி. ஆங்கிலமும் தமிழும் ஒருசேரக் கைவந்தவர்களைப் பதிப்பகங்களும் ஆவணக் காப்பகங்களும் விரும்புகின்றன. எழுத்தாளர் அம்பை 1988-இல் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ என்னும் பெண்கள் ஆவணக் காப்பகத்தின் பணிகளை மகளோடு சேர்ந்து பாருங்கள். ஒருவரின் வாழ்க்கையை நேர்காணல் செய்து, பதிவாக்கி, பாதுகாக்கும் வேலை எப்படி இருக்கும் என்பது புரியும்.

இந்தப் படிப்பு வெளிநாட்டு முழக்கம் என்று எழுதியிருந்தீர்கள். இந்தியாவில் இந்தத் துறை வலுப்பெற அரசே காரணமாக இருந்தது. பெண்களின் நிலையை ஆராய 1971-இல் மத்திய அரசு அமைத்த குழு 1974-இல் ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கையை அளித்தது. விடுதலைக்குப் பிறகு பெண்களின் நிலை சீராக உயர்ந்து வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்த நாட்டுக்கு, மக்கள்தொகையில் பெண்களின் விகிதம் குறைந்து வருவதையும், வேலைவாய்ப்பில் அவர்கள் பின்தள்ளப்படுவதையும் அது எடுத்துக்காட்டியது. 1986-இன் தேசியக் கல்விக் கொள்கை பெண் சமத்துவத்தைக் கல்வியின் பொறுப்பாக ஏற்றதும், தொடர்ந்து பல்கலைக்கழகங்களில் பெண்ணியல் மையங்கள் பெருகியதும் இதன் பிறகே. பள்ளிக் கல்விக்கான 2005-இன் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கல்வியில் பாலினம் குறித்துத் தனிக் குழுவே அமைக்கப்பட்டது. ஒரு தொடக்கப் பள்ளிப் புத்தகத்தில் அம்மா எந்தப் பக்கத்திலும் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை, அப்பா எந்தப் பக்கத்திலும் அதற்குள் நுழைவதில்லை என்றால், அதைக் கண்டுபிடித்துத் திருத்தி எழுதவும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

வகுப்பறையில் என்ன நடக்கும் என்பதற்கு நம் இலக்கியத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். குறுந்தொகையின் 28-ஆம் பாடலில், தன் துயரம் அறியாமல் உறங்கும் ஊரை முட்டலாமா, தாக்கலாமா, கூவிவிடலாமா என்று தலைவி குமுறுகிறாள். பாடியவர் ஔவையார். அதே தொகையில் ஆண் புலவர்களும் தலைவி கூற்றாக ஏராளமான பாடல்களைப் பாடியிருக்கிறார்கள். பெண் பாடும் பெண் குரலும் ஆண் பாடும் பெண் குரலும் ஒன்றுதானா, வேறுபட்டால் சொல்லில் எங்கே வேறுபடுகின்றன என்று அடி அடியாகப் பார்ப்பதுதான் பயிற்சி. முடிவை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு படிக்கும் மாணவிக்கு நல்ல ஆசிரியர் மதிப்பெண் தரமாட்டார்.

இனித் தங்கள் இரண்டாவது கவலை. மகள் மாறுவாரா என்றால், மாறுவார். தம்பிக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயமா என்று கேட்பார். பாட்டி மட்டும் கடைசியில் சாப்பிடுவது ஏன் என்றும் கேட்பார். இவற்றை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இந்து குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை தரும் சட்டத் திருத்தத்தை நாடு முழுவதற்கும் 2005-இல் கொண்டுவந்தார்கள். தமிழ்நாடு 1989-லேயே அதைச் செய்தது. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இலும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-இலும் வந்தன. புகுந்த வீட்டிலோ அலுவலகத்திலோ ஓர் இடர் வந்தால் யாரிடம் போக வேண்டும், எதை எழுத்தில் கேட்க வேண்டும் என்று தெரிந்த மகளைப் பற்றி ஒரு தகப்பனார் கொள்ளும் அச்சம் குறையத்தான் வேண்டும். படிப்பின் பெயரைக் கேட்டவுடனே விலகும் குடும்பம், நாளை அவர் வேலைக்குப் போவதையும் சம்பளம் வாங்குவதையும் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது தங்களுக்கும் நல்லதே.

அடுத்த சில வாரங்களில் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். மகள் விரும்பும் துறையின் பாடத்திட்டத்தைத் தரவிறக்கி இருவரும் சேர்ந்து படியுங்கள். துறை அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, அண்மையில் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளுங்கள். பழைய ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிக்கை ஒன்றில் கல்வித்தகுதிப் பகுதியை மகளையே வாசித்து விளக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு ஆங்கிலமா பெண்ணியலா என்று அவர் எடுக்கும் முடிவையும் அதற்கான காரணங்களையும் அவர் கைப்பட ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எந்த நுழைவுத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பதை அதைப் பார்த்து வரிசைப்படுத்தித் தருகிறேன்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர்