கோட்டார் திருவிழா முதல் புத்தாண்டு வரை: எடை ஏறாமல் சாப்பிடுவது எப்படி?

டிசம்பர் 3 கோட்டார் சவேரியார் திருவிழா. அது முடிந்த கையோடு கேரல், கேக், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, நடுநடுவே கல்யாண வீடுகள். நம் குமரி மாவட்டத்தில் மதம் பார்க்காமல் எல்லார் வீட்டுக்கும் பலகாரம் போய்ச் சேருகிற மாதம் இது. இதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும்தான் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன் மேடம். ஆனால் ஜனவரியில் பார்த்தால் ஒரு கிலோ கூடியிருக்கிறது. ஒரு நாள் சாப்பாடு இவ்வளவு செய்யுமா? (மார்த்தாண்டம் வாசகி, வயது 38)

செய்யாது. ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர வேண்டுமென்றால், தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். காலையில் ஆப்பமும் கறியும், மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் கேக் என்று சாப்பிட்டாலும் ஒரே நாளில் அந்தக் கணக்கு வராது. அதனால் கிறிஸ்துமஸ் சாப்பாட்டை விட்டுவிட்டு, அடுக்களையில் இருக்கிற பலகார டப்பாவைப் பாருங்கள்.

முந்திரிக்கொத்தையே எடுத்துக்கொள்வோம். வறுத்துத் திரித்த சிறுபயறு, தேங்காய், எள், கருப்பட்டிப் பாகு. உள்ளே இருப்பதெல்லாம் நல்ல சரக்குதான். ஆனால் உருட்டி, மாவில் முக்கி, கொதிக்கிற தேங்காயெண்ணெயில் போடும்போது அந்த மேல்தோல் எண்ணெயைக் குடித்துவிடுகிறது. நடுத்தர உருண்டை ஒன்று நூறு கலோரியை ஒட்டி வரும். சாயங்காலக் காப்பியோடு இரண்டு, ராத்திரி டிவி பார்க்கும்போது இரண்டு என்றால் ஒரு நாளைக்கு 400. இருபது நாளில் 8,000. உங்கள் ஒரு கிலோ அங்கே இருக்கிறது. அச்சுமுறுக்கையும் ஏத்தங்காய் சிப்ஸையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே சுட்டு வைக்காமல் இரண்டு மூன்று நாள் முன்னால் சுடுங்கள். சுட்ட அன்றே பக்கத்து வீடுகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டியதைப் பொட்டலம் கட்டிவிடுங்கள். மீதியை உள்ளே இருப்பது தெரியாத தூக்குச்சட்டியில் போட்டு மேல்தட்டில் வையுங்கள். தின்னத் தோன்றினால் ஒன்றைத் தட்டில் எடுத்து, மூடியை அடைத்துவிட்டு, உட்கார்ந்து ரசித்துத் தின்னுங்கள். நின்றுகொண்டே டப்பாவுக்குள் கை விடுவதுதான் ஆபத்து.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பண்டிகைக் காலத்தில் ஏறுகிற எடை தானாக இறங்குவதில்லை. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் அல்லது நடு வரை பெரியவர்களுக்குச் சராசரியாக ஏறியது 0.37 கிலோதான். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அது குறையவில்லை. இப்படியே வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் ஐம்பது வயதில் எங்கே போய் நிற்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

26-ஆம் தேதி காலையில் எடை பார்த்தேன். ஒன்றரைக் கிலோ கூடுதல். பட்டினி கிடக்கட்டுமா? (தக்கலை)

வேண்டாம். அதில் பெரும்பகுதி தண்ணீர். உப்பும் மாவுச்சத்தும் கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். நாலைந்து நாள் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் தானே இறங்கிவிடும். சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும், கொஞ்சம் கீரைத் துவரனும், ஒரு வேளைக்குச் சாளை மீன் குழம்பும் போதும். எடையை ஜனவரி முதல் வாரம் கழித்துப் பாருங்கள்.

நான் சர்ச் கேரல் குழுவில் பாடுகிறேன். ஒரு ராத்திரிக்குப் பத்துப் பதினைந்து வீடு. எல்லா வீட்டிலும் டீ, கேக். வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது. (கருங்கல், கல்லூரி மாணவர்)

தம்பி, முதலில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். வெறும் வயிற்றோடு போனால் மூன்றாவது வீட்டிலேயே கட்டுப்பாடு போய்விடும். டீயில் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் சுமார் பத்து கிராம், 40 கலோரி. பத்து வீட்டில் 400. அதனால் இரண்டு வீட்டில் மட்டும் டீ, மற்ற வீடுகளில் வெந்நீர் அல்லது சீனி போடாத சுக்குத் தண்ணீர் கேளுங்கள். பாடுகிற தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று சொன்னால் எந்த அம்மாவும் வருத்தப்பட மாட்டார், சந்தோஷமாகவே போட்டுத் தருவார். கேக்கை எந்த வீட்டில் தின்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாமியாருக்குச் சுகர். கருப்பட்டியில் செய்த பலகாரம் என்றால் பரவாயில்லை என்று தாராளமாகத் தின்கிறார். சரியா? (குலசேகரம்)

சரியில்லை அம்மா. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கருப்பட்டியில் சீனியைவிடக் கொஞ்சம் தாது உப்புகள் கூடுதல், மணமும் ருசியும் தனி. ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைச் சத்துதான். ரத்தத்தில் சுகரை அதுவும் ஏற்றும். ஆசைக்கு ஒன்று கொடுங்கள். அதையும் வெறும் வயிற்றில் கொடுக்காமல் சாப்பாட்டுக்குப் பின்னால் கொடுங்கள். சாப்பிடும்போது காய்கறியையும் மீனையும் முதலில், சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சுகர் ஏறுவது மட்டுப்படும். பிறகு முற்றத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ‘மத்தியானம் விருந்து இருக்கிறதே’ என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரை மட்டும் போடுவது சிலருக்கு ஆபத்து. சில மாத்திரைகளிலும் இன்சுலினிலும் சுகர் திடீரென்று தாழ்ந்துபோகும். விருந்து நாளில் மாத்திரையை எப்படிப் போடுவது என்று அவருடைய டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எனக்குச் சுகர் இல்லை. பிரியாணிக்காகக் காலையில் சாப்பிடாமல் இருக்கலாமா? (நாகர்கோவில்)

பசியோடு பந்தியில் உட்கார்ந்தால் இரண்டு மடங்கு போகும். இரண்டு இட்லி, ஒரு முட்டை சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

டிசம்பர் கடைசியில் மூன்று கல்யாணம். பருப்பு, சாம்பார், புளிசேரி, மூன்று பாயசம், ரசம், மோர் என்று முழு இலைச் சாப்பாடு. எதை விடுவது? (திருவட்டாறு)

1956 வரை நாம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவர்கள். பாயசம் இல்லாமல் நமக்குக் கல்யாணச் சாப்பாடு நிறையாது. அதை விடச் சொல்ல எனக்கும் மனம் வராது. குறைக்க வேண்டியது சோறு. பருப்புக்கு ஒரு கரண்டி, சாம்பாருக்கு ஒன்று, புளிசேரிக்கு ஒன்று, பாயசத்துக்குப் பிறகு ரசத்துக்கும் மோருக்கும் திரும்பவும். இப்படி ஐந்து தடவை சோறு விழுகிறது. பருப்பு நெய்க்கு ஒரு கரண்டி, பிறகு சாம்பார், புளிசேரி இரண்டில் ஒன்றுக்கு மட்டும் ஒரு கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரசத்தையும் மோரையும் கையில் வாங்கிக் குடித்துவிடலாம்.

இலையில் அவியல், துவரன், ஓலன், கிச்சடி எல்லாம் காய்கறிதானே என்று மறுபடி மறுபடி வாங்குகிறோம். காய்தான், ஆனால் அவியலில் தேங்காயும் மேலே ஊற்றிய எண்ணெயும் உண்டு. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் சுமார் 120 கலோரி. அவியல் ஒரு முறை, துவரன் இரண்டு முறை என்பது நல்ல கணக்கு. உப்பேரி என்கிற ஏத்தங்காய் சிப்ஸையும், வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரைவரட்டியையும் பந்தி தொடங்கும் முன்னே கொறித்து முடித்துவிடாதீர்கள்.

பாயசத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது என்று முதலிலேயே தீர்மானியுங்கள். அடைப்பிரதமன் என்றால் அதை மட்டும், போதுமான அளவுக்கு. பால் பாயசத்தோடு போளி தின்கிற ஆசையை அடுத்த கல்யாணத்துக்கு ஒதுக்குங்கள். மூன்று கல்யாணம் இருக்கிறதே!

சொந்தக்காரர் வீடுகளில் ‘இன்னும் கொஞ்சம்’ என்று வற்புறுத்துகிறார்களே, எப்படித் தப்பிப்பது? (குளச்சல்)

தட்டு காலியானால்தான் கை நீளும். மெதுவாகச் சாப்பிடுங்கள், தட்டில் எப்போதும் கொஞ்சம் இருக்கட்டும். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரிய இருபது நிமிடம் போல ஆகும். மெதுவாகச் சாப்பிட்டால் அதற்கும் நேரம் கிடைக்கும். ஒரே நாளில் நாலு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தால், சாப்பாடு எந்த வீட்டில் என்று முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள்: ‘மைனி, மத்தியானச் சாப்பாட்டுக்கு உங்க வீட்டுக்கு வாறோம்.’ மற்ற மூன்று வீட்டுக்கும், ‘சாப்பிட்டுட்டுதான் வருவோம், காப்பி மட்டும் போதும்’ என்று. சமைக்கிறவர்களுக்கும் அது உதவி.