விரால் குஞ்சு விடலாமா?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் 10 சென்ட் பண்ணைக்குட்டையில் ஒரு மாதத்துக்கு முன் கட்லா, ரோகு, மிர்கால் கெண்டைக் குஞ்சு 350 விட்டேன். "இதோட 200 விரால் குஞ்சும் விடுங்க, தீவனச் செலவே கிடையாது, தானா தின்னு வளரும்" என்கிறார் குஞ்சு ஏஜென்ட். விலையும் நல்லா கிடைக்குமாம். விடலாமா?

பதில்: விடாதீர்கள். தானாக எதைத் தின்னும்? நீங்கள் காசு கொடுத்து விட்ட 350 குஞ்சைத்தான்.

குட்டைக்கு வரும் வருமானம் வெயில்தான். அதைப் பிடித்து வைப்பது தண்ணீரைப் பச்சையாக்கும் பாசி. பாசியை மேயும் பொடிப் பூச்சி, அதைத் தின்னும் கட்லா, கட்லாவைத் தின்னும் விரால் என வாய் மாறும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் அடுத்த உடம்பில் சேரும். மீதி மூச்சிலும் நீச்சலிலும் கழிவிலும் போய்விடும். சாணமும் தவிடும் போட்டு ஒழுங்காகப் பார்த்தால் 10 சென்டில் ஆண்டுக்கு 80 முதல் 120 கிலோ கெண்டை எடுக்கலாம். அத்தனையும் விராலுக்கு இரையானால் மிஞ்சுவது 10 கிலோ, தாராளமாகப் போட்டாலும் 20. மூன்று மடங்கு விலைக்கு விற்றாலும் நட்டம்தான். ஏஜென்ட் விலையை மட்டும் சொல்வார், எடையைச் சொல்லமாட்டார்.

விராலுக்குப் போடும் காசைப் பாசிக்குப் போடுங்கள். வாரம் 10 கிலோ சாணம், கரைத்து ஊற்ற வேண்டும். வெயில் ஏறியதும் கையைத் தண்ணீருக்குள் இறக்கிப் பாருங்கள். ஒரு அடியில் உள்ளங்கை மறைந்தால் சரி. முக்கால் அடிக்குள் மறைந்தால் சாணத்தை நிறுத்துங்கள். பாசி மிஞ்சினால் ராத்திரியில் அதுவே ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், விடியலில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். மறைப்பது பச்சையாக இருக்கவேண்டும், செம்மண் கலங்கல் கணக்கில் சேராது.

ஒரே ஒரு சமயத்தில் விரால் உதவும். வாய்க்கால் தண்ணீரோடு ஜிலேபி கெண்டை உள்ளே வந்து குஞ்சு பொரித்துப் பெருகியிருந்தால், அது உங்கள் மீனின் இரையைத் தின்றுகொண்டிருக்கும். விற்கவும் உதவாத அந்தப் பொடிசுகளை விரால் காலி செய்யும். அதற்கும் 200 வேண்டாம், பத்துப் பன்னிரண்டு போதும். நீங்கள் விட்ட கெண்டை எல்லாம் கால் கிலோ தாண்டியிருக்க வேண்டும், விரால் விரல் நீளம்தான் இருக்க வேண்டும். முன்கூட்டி விட்டால் கதை தலைகீழ். ஐப்பசி மழையில் விரால் ஈரக் கரையில் ஊர்ந்தே வெளியேறிவிடும், எனவே சுற்றிலும் மூன்று அடி வலை கட்டாமல் விடாதீர்கள். ஜிலேபி இல்லாத குட்டைக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

"வளர்ந்த மீனை நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்" என்று ஏஜென்ட் சொல்லும் வாய்வார்த்தைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அரசுப் பண்ணைக் குஞ்சுக்கு எழுதிப் போட்டு, சிட்டா, அடங்கல் என்று அலைந்து முடிப்பதற்குள் குட்டையில் தண்ணீர் வற்றிவிடுகிறது. ஏஜென்டுகள் பிழைப்பதே அந்தத் தாமதத்தில்தான். அடுத்த முறை அதே ஆள் "கெளுத்தி" என்று கொண்டுவருவார். ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருந்தால் வாங்கவே கூடாது. அதை வளர்க்க நாட்டில் தடை இருக்கிறது, கரை உடைந்து தாமிரபரணிக்குப் போனால் நாட்டு மீனையும் தின்றுவிடும்.