மரம் வெட்டும் செலவை நிதித் திட்டத்துக்காக ஒரே அளவீட்டு முறைக்குக் கொண்டுவருவது எப்படி?

மரத்தோட்டங்களின் வெட்டுக் கணக்கைப் பல வருடம் பார்த்தவன் நான். எல்லாக் காட்டுக்கும் 'கன மீட்டருக்கு இவ்வளவு' என்று ஒரே தொகையை எழுதிவிடத்தான் கை போகும். அதைச் செய்யாதீர்கள். அளக்கும் முறைதான் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தொகை இடத்துக்கு இடம் மாறத்தான் செய்யும்.

நான் முதலில் ஏமாந்தது அளவில்தான். இரண்டு ஒப்பந்தக்காரர்கள் விலை கொடுத்தார்கள். ஒருவர் டன் கணக்கில், இன்னொருவர் பட்டை நீக்கிய கன மீட்டரில். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று நினைத்து, எண் குறைவாக இருந்த டன்காரரிடம் வேலையைக் கொடுத்தோம். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். வெட்டிய கையோடு லாரி ஏறிய தடிகள் பட்டையும் ஈரமுமாக எடை மேடையில் நின்றன. நாங்கள் கன மீட்டர் என்று நினைத்த ஒவ்வொன்றும் ஒரு டன்னைத் தாண்டியது, பில்லும் தாண்டியது. அதே தடிகள் சில வாரம் சாலையோரம் அடுக்கிக் கிடந்திருந்தால் எடைச் சீட்டு வேறு எண்ணைக் காட்டியிருக்கும். அதனால் பட்டை நீக்கிய கன மீட்டரை அடிப்படையாக வையுங்கள். டன் விலை வந்தால், அந்த மர வகைக்கும் பருவத்துக்கும் நீங்களே அளந்து பார்த்த விகிதத்தில் மாற்றுங்கள்.

அப்புறம், செலவு எதுவரை என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: வெட்டி, கிளை கழித்து, துண்டு போடுவது வரையா? சாலையோரம் இழுத்துப் போடுவது வரையா? ஆலை வாசல் வரையா?

இயந்திர மணியிலும் இதே குழப்பம் உண்டு. வருடத்துக்கு 2,000 மணி நேரம் வேலைக்கென்று ஒதுக்கிய இயந்திரம் உண்மையில் 1,300 மணி நேரம்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம், வட்டி, காப்பீடு எல்லாம் அது சும்மா நின்றாலும் ஏறும். அந்தத் தொகையை 2,000-ஆல் வகுத்துவிட்டு, உற்பத்தியை மட்டும் ஓடிய மணிக்குக் கணக்கிட்டால் செலவு குறைவாகத் தெரியும். இரண்டுக்கும் ஒரே மணியை எடுங்கள்.

செலவை அதிகம் ஆட்டுவது மரத்தின் பருமன். உயரம் ஒன்றாக இருந்தால், 30 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் 15 செ.மீ. மரத்தைப் போல நான்கு மடங்கு மரம் இருக்கும். ஆனால் அதனிடம் போய்ச் சேர, சாய்க்க, கிளை கழிக்க நான்கு மடங்கு நேரம் ஆகாது. முதல் கலைப்பு வெட்டில், அதாவது நெருக்கத்தைக் குறைக்க இளம் மரங்களில் சிலவற்றை மட்டும் எடுக்கும்போது, கன மீட்டருக்கான செலவு எகிறுவது இதனால்தான். எனவே முதல் கலைப்பு, பின்னால் வரும் கலைப்பு, இறுதி வெட்டு என்று தனித்தனி வரி போடுங்கள். ஒவ்வொன்றிலும் சராசரி மர அளவு, இழுக்கும் தூரம், சரிவு மூன்றையும் குறியுங்கள்.

இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கும் செலவைக் கன மீட்டருக்குள் கரைக்காமல் மொத்தத் தொகையாகவே வையுங்கள். அதே தொகை 2,000 கன மீட்டரில் பரவுவதைவிட 200 கன மீட்டரில் பத்து மடங்கு கனக்கும்.

பழைய செலவுகளை ஒரே அடிப்படை ஆண்டின் விலைக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். டீசலும் கூலியும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை, இரண்டையும் தனித்தனியாக மாற்றுங்கள். பணவீக்கம் நீக்கிய தொகைகளை எழுதினால், தள்ளுபடி வட்டியும் (வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வட்டி) பணவீக்கம் நீக்கியதாக இருக்கட்டும். நான் பார்த்த திட்டங்களில் இங்கேதான் அதிகம் தவறியிருந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு வரும் வெட்டு என்றால், இந்த ஒரு தவறு மற்ற எல்லாத் திருத்தங்களையும் விழுங்கிவிடும்.