லேப் பூட்டியே கிடந்தால் பயம் எப்படிப் போகும்?

அரசு மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியர் ஒருவரிடம் கேட்டவையும் அவர் சொன்னவையும்.

சார், நான் தமிழாசிரியை, ஐம்பது வயது. பிள்ளைகள் முன்னால் மவுஸைத் தொடவே கை நடுங்குகிறது. எதையாவது தப்பாக அமுக்கிவிட்டால்?

டீச்சர், தப்பாக அமுக்கினால் கம்ப்யூட்டர் உடைந்துவிடாது. டீச்சருக்குத் தெரியவில்லை என்று பிள்ளைகள் நினைப்பார்களே என்ற கூச்சம்தான் உங்களைத் தடுக்கிறது. பள்ளி விட்டபின் லேபில் தனியாக உட்காருங்கள். உங்கள் பாடத்துக்கு ஒரு வினாத்தாளை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். தமிழ் இலக்கணம் தெரிந்தவருக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

கேரளத்தில் பள்ளிகளில் கணினிக் கல்விக்காக 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களும் ஆசிரியர்களே. சக ஆசிரியரிடம் கேட்கக் கூச்சம் குறைவு. உங்கள் பள்ளியிலும் அப்படி ஒருவரைப் பிடியுங்கள்.

கம்ப்யூட்டர் என்றாலே விவரம் ஏற்றும் வேலைதான். வெறுப்பாக இருக்கிறது, சார்.

உங்கள் வெறுப்பு நியாயமானது. வகுப்பு நேரத்தைத் தின்னும் பதிவு வேலையைக் கொடுத்துவிட்டு, ஆசிரியருக்கு ஆர்வமில்லை என்று குறை சொல்லக் கூடாது.

பிளஸ் ஒன் படிக்கிறேன். ஒரு சிஸ்டத்துக்கு மூன்று பேர். மவுஸ் எப்போதும் பையன்கள் கையில்தான். நாங்கள் நோட்டில் எழுதுகிறோம்.

இதை விட்டுவிடாதேம்மா. சி++ என்ற கணினி மொழியில் எழுதும் புரோகிராமில் ஒரு அரைப்புள்ளி (;) விட்டுப்போனால் பிழை காட்டும். அந்த வரியைத் தேடித் திருத்துகிற பிள்ளைக்குத்தான் பாடம் மண்டையில் ஏறும். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு விடைதான் கிடைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றச் சொல்லி உங்கள் ஆசிரியரிடம் நேராகவே கேள். அடுத்த வருடம் பைத்தான் என்ற மொழி வரும்போது பார்த்தே ஓட்ட முடியாது.

என் மூத்த மகனுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பில் படம்தான் பார்த்தான். வீண்தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2011-ல் அந்தத் திட்டம் வந்தபோது பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். படம் பார்க்கவாவது பென்டிரைவ், ஃபோல்டர், காப்பி எல்லாம் கற்றிருப்பான். அதில் செய்து கொண்டுவா என்று எத்தனை பாடத்தில் வீட்டுவேலை கொடுத்தோம்? எனக்குக் கோபம் அங்கேதான்.

போனில் எங்களைவிடப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இன்னும் என்ன சொல்லித்தருவது?

ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து, சேமித்து, மறுநாள் தேடி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் திணறுவார்கள். அங்கிருந்து தொடங்கலாம்.